ஒரு மைக்ரான் ஈரம்

எஞ்சின் ஆயில் குறைவது எந்த லாரி ஓட்டுநருக்கும் பழக்கமான விஷயம். காலையில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார், குறைந்திருந்தால் ஊற்றுவார். ஆனால் யாரும் ஊற்றாமலேயே ஆயில் மட்டம் ஏறினால்? சென்னையிலிருந்து ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பெங்களூருக்கு ஓடும் தேசிய நெடுஞ்சாலை 48-இன் ஓரத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கு இந்தப் புதிர் புதிதல்ல. மெக்கானிக் குச்சியை மூக்கருகே கொண்டுபோகிறார்: டீசல் வாடை. ஒரு துளியை விரலிடையே தேய்க்கிறார்: வழவழப்புச் செத்து, தண்ணியாக ஓடுகிறது. டீசல் பம்ப்பில் எங்கோ ஒரு சீல் போய்விட்டது. கசிவு தரையில் சொட்டாமல் எஞ்சினுக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருக்கிறது.

வெளியே ஒழுகும் கசிவு காசைத் தின்னும். உள்ளே ஒழுகும் கசிவு எஞ்சினையே தின்னும். கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகள் ஓடும்போது உலோகத்தின்மேல் உலோகமாக உட்கார்ந்திருப்பதில்லை; இடையிலுள்ள ஆயில் படலத்தின்மேல் மிதக்கின்றன. டீசல் கலந்து ஆயில் நீர்த்துப்போனால் அந்தப் படலம் மெலிகிறது, சுமை ஏறும்போது கிழிகிறது. பிறகு நடப்பது உரசல்.

வெளிக்கசிவையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். பெருக்கிப் பார்த்தால் 4 லிட்டருக்கு மேல் வருகிறது. லாரி பாதி நாள்தான் ஓடுகிறது என்று வைத்தாலும் 2 லிட்டர் டீசல் சாலையிலும் மண்ணிலும் போகிறது.

ஆகவே சீலை மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதானே? கடையில் வாங்கி, பழையதைப் பிடுங்கி, புதியதைத் தட்டி இறக்கினால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரே பம்ப் மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகிக்கொண்டு வரும்போது 'டூப்ளிகேட் சீல்' என்று கடைக்காரர்மேல் பழி விழுகிறது. சில நேரம் அது உண்மையும்கூட. ஆனால் பெரும்பாலான சீல்கள் தாமாகக் கெடுவதில்லை. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஷாஃப்ட்டோ, நனைக்கும் திரவமோ, சூழ்ந்திருக்கும் வெப்பமோ மாறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் வளையத்தை மட்டும் மாற்றுவது அரை வேலை.

இதைப் புரிந்துகொள்ள முதலில் கசிவின் இயற்பியலைப் பார்க்க வேண்டும். இரண்டு பரப்புகளுக்கு இடையே மெல்லிய இடுக்கு இருக்கிறது. ஒரு பக்கம் அழுத்தம் அதிகம். இடுக்கு வழியாக எவ்வளவு திரவம் போகும்? அது இடுக்கின் உயரத்துடைய முப்படியைப் பொறுத்தது. இடுக்கு இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. "நேத்து வரை லேசா ஈரமாத்தான் இருந்தது, இன்னைக்கு ஊத்துது" என்று ஓட்டுநர் சொல்வதில் மிகையில்லை. தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடியது, கசிவுதான் பாய்ச்சலில் கூடியது.

இதே கணக்குக்கு இன்னொரு முகம் உண்டு. திரவத்தின் பாகுத்தன்மை குறையக் குறையக் கசிவு கூடும். காற்றின் பாகுத்தன்மை டீசலுடையதில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று தளர்ந்துவிட்டால், அங்கே வெளியழுத்தம் அதிகம், உள்ளழுத்தம் குறைவு. டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். துடைத்துப் பார்த்தால் எங்கும் ஒரு துளி ஈரம் இல்லை. ஆனால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும், மேட்டில் இழுவை விடும். மெக்கானிக்குகள் 'ஏர் இழுக்குது' என்பது இதைத்தான். கண்ணுக்குத் தெரியும் கசிவைத் தேடுகிறவர்கள் ஏமாறுகிற இடம் இது. அனுபவசாலிகள் உறிஞ்சு குழாயில் ஒரு சாண் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைச் சேர்த்து, ஓடும் டீசலில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். பத்து ரூபாய் டியூப், பிழையில்லாத சோதனை.

இனி, சீல் என்ன செய்கிறது? சுழலும் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் உதடு. அதன் முதுகில் ஒரு சுருள் கம்பி வளையம், உதட்டை ஷாஃப்ட்டோடு அணைத்துப் பிடிக்கிறது. பார்த்தால் அடைப்பான் மாதிரித்தான் இருக்கிறது. உதடு ஷாஃப்ட்டை அழுத்திக் கொண்டிருப்பதால் ஆயில் வெளியே வர வழியில்லை என்று பொறியாளர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். 1957-இல் பிரிட்டனில் ஜாகர் என்ற ஆய்வாளர், நன்றாக வேலை செய்யும் சீலின் உதட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது என்று காட்டினார். அதன் கனம் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவில். தலைமுடியின் குறுக்களவில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஈரம் இல்லாவிட்டால் ரப்பர் சில நிமிடங்களில் கருகிவிடும். உலர்ந்த சீல் செத்த சீல்.

அப்படியானால் அந்த ஈரம் ஏன் வெளியே வழிவதில்லை? இதற்கான விடை உதட்டின் வடிவத்தில் இருக்கிறது. உதட்டின் ஆயில் பக்கச் சாய்வு செங்குத்தானது, காற்றுப் பக்கச் சாய்வு படுத்தவாக்கில் இருக்கும். இதனால் உதட்டின் அழுத்தம் இரு பக்கமும் சமமாக விழுவதில்லை. ஷாஃப்ட் சுழலும்போது ரப்பரின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மேடுகள் இழுபட்டுச் சாய்ந்து, காற்றுப் பக்கம் எட்டிப் பார்க்கும் ஆயிலை மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சீல் ஒரு குட்டிப் பம்ப்! கசிவை அடைப்பதைவிட, கசியப் பார்ப்பதைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் முக்கிய வேலை. அதே சீலைத் தலைகீழாக மாட்டினால் அது உள்ளிருக்கும் ஆயிலை முனைப்போடு வெளியே இறைக்கும். கம்பி வளையம் தெரியும் முகம் திரவத்தின் பக்கம் பார்க்க வேண்டும் என்று பயிற்சிப் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தரப்படுவது இதனால்தான்.

இந்த ரப்பர் உதடு வருவதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது தோல். வேலூர், ஆம்பூர் பக்கத்து வாசகர்களுக்கு இந்த வரலாறு கொஞ்சம் சொந்தமானது.

ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் 1849-இல் தொடங்கிய ஃபிராய்டன்பெர்க் நிறுவனம் ஒரு தோல் பதனிடும் ஆலை. 1929-இன் பொருளாதார நெருக்கடியில் தோல் வியாபாரம் படுத்தபோது, கையிலிருந்த தோலை வைத்து மோட்டார் வண்டிகளுக்கான சீல்களைச் செய்ய ஆரம்பித்தது. வால்டர் ஸிம்மர் என்ற பொறியாளர் 1930-களின் தொடக்கத்தில் அங்கே வடிவமைத்த உலோகக் கூட்டுக்குள் அடங்கிய வளையம் 'ஸிம்மரிங்' என்ற பெயரில் உலகெங்கும் போனது. முதலில் அதன் உதடு தோல். 1936 வாக்கில் செயற்கை ரப்பர். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே கதை: சிகாகோ ராஹைட் என்ற கம்பெனி 1878-இல் தோல் பெல்ட் செய்யத் தொடங்கி, பிறகு ஆயில் சீலில் பேர்பெற்றது. இன்று லாரிக் கடைகளில் தொங்கும் கறுப்பு வளையங்களின் குடும்ப மரத்தைப் பின்தொடர்ந்தால், அது தோல் ஊறவைத்த தொட்டிகளில்தான் போய் முடியும்.

தோலுக்கு ஏன் அந்த இடம் கிடைத்தது? விலங்குத் தோலின் உடல் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது. அந்த மூலக்கூறு மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய சுருள் என்ற அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இந்தச் சுருள்கள் நாரிழையாகி, நாரிழைகள் முப்பரிமாணத்தில் பின்னிக் கிடக்கின்றன, இடையிடையே இடைவெளி. அந்த இடைவெளியில் மெழுகையும் எண்ணெயையும் ஏற்றிவிட்டால், தோல் தன் ஈரத்தைத் தானே சுமக்கும். ஆயில் கிடைக்காத சில நிமிடங்களையும் தாங்கும்; ஷாஃப்ட் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

அதன் பலவீனம் வெப்பம். பதனிடாத கொலாஜன் தண்ணீரில் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சுருண்டுவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டால் இன்னும் சில படிகள் ஏறும். குரோமியம் உப்பில் பதனிட்டால் நன்கு பதப்பட்ட தோல் கொதிநீரையே தாங்கும், ஏனென்றால் குரோமியம் அணுக்கள் கொலாஜன் சங்கிலிகளுக்கு இடையே இறுக்கமான பிணைப்புகளைப் போடுகின்றன. சென்னை மாகாணத்தில் இந்தக் குரோம் முறையை 1903-இல் சோதனையாகத் தொடங்கியவர் மதராஸ் கலைப் பள்ளியின் ஆல்ஃபிரட் சாட்டர்டன். தண்ணீரில் ஊறியும் அழுகாத குரோம் தோலை அவர் கவலை ஏற்றத்தின் சாலுக்குப் பயன்படுத்தச் சொன்னார். அதே சாட்டர்டன்தான் இந்த மாகாணத்தில் ஆயில் எஞ்சினும் பம்ப்பும் வைத்துக் கிணற்று நீர் இறைப்பதைப் பரப்பப் பாடுபட்டவர். தோலும் பம்ப்பும் எஞ்சினும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன.

தோல் வாசரைத் தமிழ்நாட்டு மக்கள் நேரில் கண்ட இடம் லாரி அல்ல, தெருமுனை அடிபம்ப். யுனிசெஃப் துணையோடு 1970-களில் உருவாகி, மதராஸில் ரிச்சர்ட்ஸன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரான 'இந்தியா மார்க் 2' பம்ப்பின் உருளைக்குள் தோல் கிண்ண வாசர்கள்தான் நீரைத் தூக்கின. மணல் கலந்த நீரில் அவை தேய்ந்தன. மாற்ற வேண்டுமானால் குழாய்கள் அத்தனையையும் மேலே இழுக்க வேண்டும். 1980-களில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் கோயம்புத்தூர் வட்டாரத்தில் நடத்திய களச் சோதனைகளில் தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் கிண்ணங்கள் போடப்பட்டன. அவை தெளிவாக அதிக நாள் உழைத்தன. மார்க் 3 பம்ப் அந்தப் பாடத்தோடு பிறந்தது. கிராமத்துப் பெண்கள் தண்ணீருக்காகக் காத்திருந்த நாட்களை ஒரு வளையத்தின் பொருள் மாற்றம் குறைத்தது என்பது இந்தத் துறையின் மிக அழகான சாதனைகளில் ஒன்று.

நைட்ரைல் ரப்பர் 1930-களில் ஜெர்மன் ஆய்வகங்களில் பிறந்தது. சாதாரண இயற்கை ரப்பரை டீசலில் போட்டால் ஊறி உப்பிக் கூழாகிவிடும். நைட்ரைலின் சங்கிலியில் மின்முனை கொண்ட சயனோ தொகுதிகள் தொங்குகின்றன. டீசலின் எண்ணெய்த் தன்மை அவற்றோடு ஒட்டுவதில்லை. இதனால்தான் பல பத்தாண்டுகளாக டீசல் பம்ப்பின் ஆயில் சீல், ஓ-ரிங், டயஃப்ரம் எல்லாம் பெரும்பாலும் நைட்ரைல். ஓ-ரிங் என்ற எளிய வட்ட வளையத்துக்கு டென்மார்க்கில் பிறந்த அமெரிக்கர் நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937-இல் காப்புரிமை கேட்டபோது அவருக்கு வயது 72.

ஆனாலும் டீசலில் ஒரு பகுதி நைட்ரைலுக்குள் புகும்: பென்சீன் வளையம் கொண்ட அரோமேட்டிக் மூலக்கூறுகள். அவை ரப்பருக்குள் குடியேறினால் சீல் சற்றே வீங்கும். பம்ப்பை வடிவமைத்தவர்கள் இந்த வீக்கத்தையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். 1993 அக்டோபரில் அமெரிக்கா டீசலின் கந்தக அளவை 500 பி.பி.எம்-க்குக் குறைத்தது, கலிஃபோர்னியா அதோடு அரோமேட்டிக் அளவுக்கும் வரம்பு போட்டது. அடுத்த வாரங்களில் லாரிகளிலும் டிராக்டர்களிலும் டீசல் பம்ப் ஒழுகுகிறது என்று புகார்கள் குவிந்தன. புதிய டீசல் சீலைத் தின்றதா? இல்லை. பழைய டீசலில் ஊறி வீங்கியிருந்த ரப்பரிலிருந்து அரோமேட்டிக் மூலக்கூறுகள் வெளியேறின, வளையம் சுருங்கியது. இளசான ரப்பராக இருந்தால் அழுத்தத்தில் விரிந்து இடைவெளியை நிரப்பியிருக்கும். வெப்பத்தில் பல ஆண்டு வெந்து கெட்டிப்பட்ட வளையத்துக்கு அந்த மீள்தன்மை இல்லை. புது சீல் போட்ட வண்டிகள் அதே டீசலில் நன்றாகவே ஓடின.

இந்தியாவில் இந்த மாற்றம் படிப்படியாக வந்தது. புகை வரம்பு விதியான பாரத் ஸ்டேஜ் 3-இல் கந்தகம் 350 பி.பி.எம், 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4-இல் 50, 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6-இல் 10. கந்தகத்தை நீக்க ஹைட்ரஜனோடு வினைப்படுத்தும்போது, டீசலுக்கு இயல்பான வழவழப்பைத் தந்த சில மூலக்கூறுகளும் போய்விடுகின்றன. அதை ஈடுகட்டச் சேர்க்கைப் பொருள் கலக்கப்படுகிறது. காற்றுக்கு இது பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் பதினைந்து, இருபது ஆண்டு பழைய வண்டியின் பம்ப்பைப் பிரிக்கும் மெக்கானிக், ஒழுகும் ஒரு வளையத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை விட்டுவைப்பது தவறு. எல்லா வளையமும் ஒரே டீசலில், ஒரே சூட்டில், ஒரே காலம் கிடந்தவை. முழு சீல் கிட்டும் மாற்றப்பட வேண்டும். அதிக வெப்பத்திலும் பயோடீசல் கலப்பிலும் நைட்ரைலைவிட ஃப்ளூரின் சேர்ந்த ரப்பர் நன்றாக நிற்கும். கடைகளில் 'வைட்டான்' என்று கேட்டால் தருவார்கள். விலை கூடுதல்தான்.

இப்போது பம்ப்பின் எந்த இடத்தில் கசிவு என்று பார்ப்போம். ஆறு சிலிண்டர் லாரிகளில் நெடுங்காலம் ஓடியது இன்லைன் பம்ப். பெங்களூரில் 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயராலேயே 'மைக்கோ பம்ப்' என்று அழைக்கப்பட்டது. இதன் நெஞ்சுக்குள் ஒரு விந்தை உண்டு. நாசிலுக்கு நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் நடுவே சீலே கிடையாது. அந்த அழுத்தத்திலும் வேகத்திலும் ரப்பர் நிற்காது. இரண்டு எஃகுத் துண்டுகளை 2 முதல் 4 மைக்ரான் இடைவெளிக்குத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த இடுக்கின் சிறுமையே அடைப்பு. ஒரு பேரலின் பிளஞ்சரை இன்னொன்றில் போடக் கூடாது என்பது இதனால். தேய்ந்தால் இங்கிருந்தும் டீசல் இறங்கிப் பம்ப்பின் அடிப்பகுதி ஆயிலில் கலக்கும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஃபீட் பம்ப்பின் தண்டு தேய்ந்தாலும் அப்படியே. ரோட்டரி பம்ப்பாக இருந்தால் சந்தேகம் முதலில் முன்பக்க ஷாஃப்ட் சீல்மேல் விழும். பம்ப் கூட்டுக்குள் அழுத்தத்தோடு நிற்கும் டீசல் அதைத் தாண்டினால் நேராக டைமிங் கியர் பெட்டிக்குள் போகும். ஆக்ஸிலரேட்டர் தண்டின் ஓ-ரிங் போனால் வெளியே ஈரம் தெரியும். இவை எதிலும் குறையில்லாமல் ஆயிலில் டீசல் ஏறினால், ஒழுகும் நாசிலைச் சந்தேகிக்க வேண்டும்.

வாட்டர் பம்ப்பின் கதை வேறு. மெக்கானிக்குகள் அதை 'வாட்டர் பாடி' என்பார்கள். அங்கே உதட்டு சீலுக்குப் பதில், ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் முகத்தோடு முகம் ஸ்பிரிங்கால் அழுந்திச் சுழல்கின்றன. இரு முகங்களும் ஒரு மைக்ரானுக்குள் மட்டமாகத் தேய்க்கப்பட்டவை. இங்கேயும் நடுவே நீர்ப்படலம் வேண்டும். கொஞ்சம் ஆவியாக வெளிவருவதை விடுவதற்காகவே பாடியின் அடியில் ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். அந்தத் துளையிலிருந்து சொட்டினால் சீல் முடிந்தது என்று அர்த்தம். சிலர் அதை எம்சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். இதைவிடக் கெடுதலான வைத்தியம் வேறில்லை: வெளியேற வழியில்லாத நீர் பேரிங்குக்குள் போகிறது, கிரீஸைக் கழுவுகிறது, ஓடும் பாதையில் பேரிங் பிடித்துக்கொள்கிறது, ஃபேன் ரேடியேட்டரைக் கிழிக்கிறது.

பாலாற்றங்கரையில் வாட்டர் பாடி சீலுக்கு இன்னொரு எதிரி உண்டு. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பும், பதனிடும் கழிவும் பல பத்தாண்டுகள் இந்த மண்ணில் இறங்கின. வேலூரிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பின்படி இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. மக்கள் குடிநீருக்கே அல்லாடிய கொடுமையின் பக்கத்தில் லாரி ரேடியேட்டர் சின்ன விஷயம்தான். ஆனாலும் வேதியியல் ஒன்றே. உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த போர்வெல் நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், சூட்டில் கால்சியம் உப்புகள் படிகின்றன. அந்தத் துகள்கள் கார்பன் முகத்தில் கீறல் போடுகின்றன. குளோரைடு உலோகத்தை அரிக்கிறது. கூலன்ட் கலந்த, உப்பு நீக்கிய நீரை ஊற்றுவதே பரிகாரம். எத்தனை சீல் மாற்றினாலும் நீர் மாறாதவரை இந்த நோய் தீராது.

மாற்றும் வேலைக்கு வருவோம். இதன் பாதி சுத்தத்தில் இருக்கிறது. பம்ப்பைக் கழற்றுமுன் சுற்றிலும் டீசலால் கழுவித் துடைத்து, கழற்றிய ஒவ்வொரு குழாய் வாயையும் மூடி வைக்க வேண்டும். 3 மைக்ரான் இடுக்கில் ஒரு தூசு போதும். முதல் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, பம்ப் ஃபிளாஞ்சிலும் எஞ்சின் முகத்திலும் ஒரே கோடாகக் கீறி அடையாளம் வைக்கிறார்கள். இல்லாவிட்டால் திருப்பி மாட்டும்போது டைமிங் போய்விடும்.

பழைய சீலை எடுத்ததும் பார்க்க வேண்டியது ஷாஃப்ட். உதடு ஓடிய இடத்தில் விரல் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்தால், நகம் எங்காவது தடுக்குகிறதா? தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. மெத்தென்ற ரப்பர் கெட்டி எஃகை எப்படிக் குடைந்தது? குடைந்தது ரப்பர் அல்ல. சாலைத் தூசியிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் எஃகைவிடக் கடினமானவை. அவை ரப்பரில் பதிந்துகொண்டு உப்புத்தாள்போல வேலை செய்தன. அந்தப் பள்ளத்தின்மேல் புதிய உதட்டை உட்காரவைத்தால் அது முதல் நாளே ஒழுகும். இடமிருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி இறக்கலாம், அல்லது மெல்லிய எஃகு உறையை ஷாஃப்ட்டின்மேல் ஏற்றலாம். எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது ஆபத்தான வழி. தாள் விடும் கோடுகள் திருகுபோல் சாய்வாக விழுந்தால், ஷாஃப்ட் சுழலச் சுழல அந்தக் கோடுகளே ஆயிலை வெளியே இழுத்துவரும்.

புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவ வேண்டும். முதல் சில சுற்றுகளுக்கு அந்த ஒரு மைக்ரான் ஈரத்தை அதுதான் கொடுக்கும். ஷாஃப்ட்டின் சாவித் தடத்தில் கூர்மையான விளிம்பு இருக்கும். அதன்மேல் டேப் சுற்றிவிட்டுச் சீலைத் தள்ளினால் உதடு கிழியாது. சுத்தியலால் ஓரத்தில் தட்டக் கூடாது, சீலின் முழு விளிம்பையும் தொடும் குழாய்த் துண்டை வைத்து நேராக இறக்க வேண்டும். செப்பு வாசர்கள் ஒருமுறை நசுங்கியதும் கெட்டியாகிவிடும். பழைய மெக்கானிக்குகள் அவற்றைச் சிவக்கக் காய்ச்சி நீரில் போடுவார்கள். எஃகு இப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும். வெப்பத்தில் அதன் படிகங்கள் புதிதாக உருவாகி மென்மை திரும்புகிறது. தாத்தா காலத்துக் கைப்பழக்கம், உலோகவியல் அதை முழுதாக ஆமோதிக்கிறது.

பிரித்த பம்ப் பெஞ்சில் ஏறிக் கேலிபரேஷன் ஆகி வர வேண்டும். மாட்டியபின் பிரைமரை அடித்துக் காற்றை வெளியேற்றுகிறார்கள். இந்தக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை உயிர்காக்கும். ஓடும் எஞ்சினில் உயரழுத்தக் குழாயின் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து விரலுக்குள் பரவும். வெளியே ஒரு ஊசிக்குத்துப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவு. சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலை இழக்க நேரும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் கைகளுக்காகத் தொடங்கிய அறுவை மருத்துவம் உலகம் அறிந்தது. கையின் அருமை தெரிந்த ஊரில் எந்த மெக்கானிக்கும் 'சின்னக் குத்துதானே' என்று துணி சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளில் இன்லைன் பம்ப் இல்லை. காமன் ரெயில் வந்துவிட்டது. அழுத்தம் 1,600, 2,000 பார் என்று ஏறிவிட்டதால் உள்ளிருக்கும் இடுக்குகள் இன்னும் சிறுத்துவிட்டன. சாலையோரத்தில் பிரித்து மாட்டும் வேலையும் சுருங்கிவிட்டது. ஆனால் கசிவைப் படிக்கும் கலை புதிய வடிவில் தொடர்கிறது. காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் கொஞ்சம் டீசலைத் திரும்பு குழாயில் கசியவிட்டே வேலை செய்யும். அது வடிவமைப்பிலேயே உள்ள கசிவு. மெக்கானிக் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு வாயிலும் கோடு போட்ட ஒரு சிறு குப்பியை மாட்டி, எஞ்சினை ஐடிலில் ஓடவிடுகிறார். சில நிமிடம் கழித்துக் குப்பிகளை வரிசையாக நிறுத்தி மட்டம் பார்க்கிறார். மற்றவை கால்வாசி நிற்கும்போது எது முக்கால்வாசி நிரம்பியிருக்கிறதோ, அந்த இன்ஜெக்டர்தான் கழற்றப்படுகிறது.